மகமைக்குக் கல் வைத்த நாள்

என் புருஷனின் தோளில் கொக்கியைப் போட்டு இழுத்தவனுக்கு நானே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சந்தையில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதை அப்படிச் சொல்லவில்லை. மகமையைக் கூட்டப் போகிறோம் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மகமை என்றால் என்ன என்று இப்போது உள்ளவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சர்க்காருக்குக் கட்டுகிற விற்பனை வரி வேறு. மகமை சந்தைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு, வாழைத்தாருக்கு இவ்வளவு, கருப்பட்டிச் சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாரா வாரம் சங்கத்துத் தகர உண்டியலில் போட்டுவிட வேண்டும். அந்தப் பணத்தில் சந்தைக்குள் தண்ணீர்க் குழாய் வந்தது. கொட்டகைக்கு மேல் தகரம் வந்தது. அம்மன் கோயில் கொடைக்குப் பந்தல் போட்டார்கள். மூட்டை சரிந்து விழுந்து செத்துப்போன ஒரு லோடுமேன் வீட்டுக்கு அரிசி போனது. இந்துவும் கொடுத்தான், கிறிஸ்தவனும் கொடுத்தான், சாயபுமாரும் கொடுத்தார்கள். நாங்களும் முணுமுணுக்காமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் சாதிச் சண்டையில் நாறிக் கிடந்தது. எங்கேயாவது ஒருத்தனை வெட்டுவார்கள், இங்கே பஸ்ஸை மறிப்பார்கள். வள்ளியூரிலிருந்து கிளம்பிய லோடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து சேருமா என்று தெரியாது. காலையில் கடையைத் திறந்தால் மத்தியானம் எவனாவது கம்போடு வந்து சாத்தச் சொல்லுவான். சந்தைக்கு வெளியே ஒரு சைக்கிள் கடையைக் கொளுத்திவிட்டார்கள். டயர் எரிந்த நாற்றம் எங்கள் மிளகாய் வற்றலில் எல்லாம் ஏறி, அந்த வாரம் ஒருத்தரும் வாங்கவில்லை.

அதைச் சாக்காக வைத்துத்தான் சந்தைத் தலைவர் ஆரம்பித்தார். அவருக்கு அரிசி மண்டி. முன்னால் சில்லறை வியாபாரம், பின்னால் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. சந்தைக்குக் காவல் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அதனால் மகமை மூன்று மடங்கு என்றார்.

ஆள் ஏற்கெனவே இருந்தார்கள். நாலு பேர். அவருடைய மண்டிப் படியில்தான் பகல் பூராவும் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் சாக்கில் சுற்றி ஏதோ கிடக்கும். அது அரிவாள் என்று சந்தையில் மாட்டுக்குக்கூடத் தெரியும். தலைவருக்கு ஆகாதவனை அடிப்பது அவர்கள் வேலை. அதில் ஒருத்தன் முன்னால் லோடுமேனாக இருந்தவன். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகியே வைத்திருப்பான். மூட்டை தூக்குவதை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் கொக்கியை மட்டும் விடவில்லை.

சந்தை வாசலை ஒட்டிய தகரக் கடை எங்களுடையது. சின்ன வெங்காயமும் வற்றலும். என் வீட்டுக்காரருக்கு வாய் நிற்காது. டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது, "இந்த நாலு பயலுவளும் ஒழிஞ்சானுவன்னா சந்தைக்குக் காவலே வேண்டாமேவே" என்று சொல்லிவிட்டார். டீக்கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு மண்டிப் படிவரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் வெங்காய லோடு வந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியான வெயில். என் வீட்டுக்காரர் குனிந்து மூட்டையைப் புரட்டினார். கொக்கிக்காரன் பின்னால் வந்தான், வெங்காய மூட்டையில் போடுகிற மாதிரியே அவர் தோளில் கொக்கியைப் போட்டான். போட்டு இழுத்தான். அவர் மல்லாக்க விழுந்தார். கொக்கி எலும்புக்குள் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க அவன் காலை அவர் நெஞ்சில் ஊன்றினான். அவர் கத்தியது எனக்கு இப்போதும் கேட்கிறது. லோடுமேன்கள் மூட்டையை முதுகில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். ஒருத்தனும் இறக்கி வைக்கவில்லை. நான் தராசுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் கொக்கியைப் பிடுங்கி, எங்கள் சாக்கிலேயே துடைத்துவிட்டு, அவன் நடந்தே போய்விட்டான்.

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். சீழ் பிடித்துத் திரும்பப் பிரித்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை, அவ்வளவுதான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். லோடு இறக்கும்போது கை தவறிப் பட்டது என்று சாட்சி சொல்ல ஆறு பேர் போனார்கள். அந்த ஆறு பேரும் எங்கள் கடையில் வெங்காயம் வாங்குகிறவர்கள்.

அதற்குப் பிறகு கடையில் நான் உட்கார்ந்தேன். மகமையைக் கூட்டக் கல் வைக்கப் போவதாகத் தாக்கல் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு மூட்டை வற்றலை வெறுங்கையால் காம்பு கிள்ளினேன். கை எரிந்தது. பரவாயில்லை என்றிருந்தது.

கல் வைப்பது எங்கள் சந்தை வழக்கம். ஒரு காரியத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டால் சீட்டு எழுதுவது, கை தூக்குவது எல்லாம் கிடையாது. முந்தின தலைமுறையில் எண்ணுவதில் ஏமாற்று என்று சொல்லி வெட்டுக்குத்து ஆகிவிட்டதாம். அதற்கப்புறம் ஏற்பாடு இப்படி. மூட்டை நிறுக்கிற பெரிய தராசு நடுக் கொட்டகையில் தொங்கும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடையின் ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்துவர வேண்டும். வேண்டும் என்றால் கிழக்குத் தட்டு. வேண்டாம் என்றால் மேற்குத் தட்டு. எல்லோரும் வைத்த பிறகு தராசைப் பிடித்திருக்கிற கட்டையை உருவுவார்கள். எந்தத் தட்டு இறங்குகிறதோ அதுதான் முடிவு. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை சந்தை லீவு. அன்றைக்குச் சாயங்காலம் கூடினார்கள். கடைக்காரர்கள் கொட்டகைக்குள்ளே. வெளியே வேடிக்கை பார்க்க ஊரே வந்து நின்றது. இட்லி சுட்டு விற்கிற பெண்கள், லோடுமேன்கள், ராதாபுரம் பக்கத்திலிருந்து மறுநாள் சந்தைக்கு முருங்கைக்காய்க் கட்டோடு முந்தியே வந்துவிட்ட வெள்ளாமைச் சம்சாரிகள். படியில் உட்காருகிற நாலு பேரும் தலைவருக்குப் பின்னால் நின்றார்கள். கொக்கிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

என் கடை முறை வந்ததும் கல்லோடு போனேன். தலைவர் மறித்தார்.

"என்னட்டி, நீ எங்கன வார? உம் புருசன வரச் சொல்லு."

"அவியளுக்குக் கை தூக்க முடியல அண்ணாச்சி. ஏன்னு ஒங்க பின்னால நிக்கவன்ட்ட கேளுங்க."

"பொம்பளைக்குச் சந்தையில கல்லு கெடையாது."

பக்கத்துக் கடைக் கருப்பட்டி வியாபாரி எழுந்தார். திசையன்விளைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர், வெள்ளைச் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. அவருக்கும் மகமை கூடினால் கஷ்டம், ஆகவே என் பக்கம் பேசினார். "கல்லு கடைக்குவே, ஆளுக்கு இல்ல. கடை தொறந்திருக்கு, கல்லு இருக்கு. வைக்கட்டும்" என்றார்.

தலைவர் கிழக்குத் தட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கல் குவிந்துவிட்டது. மண்டிக்காரர்கள், பலசரக்குக் கடைக்காரர்கள், எண்ணெய்க் கடை, பருப்புக் கடை எல்லாம் அவர் பக்கம். பயந்துபோய் வைத்தவர்களும் உண்டு. மேற்கே கருப்பட்டி, வாழைத்தார், முருங்கைக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், அப்புறம் எங்களைப் போல வாசல் கடைக்காரர்கள் சிலர். குவியல் சின்னது. யாரும் எண்ண வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரிந்தது.

"வச்சிட்டுப் போறா. இவ ஒத்தக் கல்லுலதான் தராசு சாயப் போவுதாக்கும்" என்றார் தலைவர். சிரித்தார்கள். நான் மேற்குத் தட்டில் கல்லை வைத்தேன். வைக்கவில்லை, போட்டேன். சங்கிலி ஆடியது. கொக்கிக்காரனுக்கு இனிமேல் என் வெங்காயத்திலிருந்து சோறு போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே விலகி நின்றேன்.

கட்டையை உருவினார்கள்.

மேற்குத் தட்டு இறங்கியது. பையத்தான் இறங்கியது. கிழக்கே அவ்வளவு கல்லையும் சுமந்துகொண்டு தட்டு மேலே போய் நின்றது.

தலைவர், "தராசு சிக்கியிருக்கு. ஆட்டி விடுலே" என்றார். ஆட்டிவிட்டார்கள். ஆடி நின்று மறுபடியும் மேற்கேதான் இறங்கியது. அவர் முகம் கறுத்தது. "எண்ணுங்கலே" என்றார்.

கருப்பட்டி வியாபாரி இந்தத் தடவை எழுந்திருக்கவே இல்லை. "எதுக்கு அண்ணாச்சி எண்ணணும்? எல்லாம் ஒரு கிலோ கல்லுதானவே" என்றார்.

தலைவர் கல்லைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டார். எண்ணினால் கிழக்கில் ஏழெட்டுக் கல் கூட இருக்கும். கூட இருந்தும் ஏன் ஏறி நிற்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் அடைத்து அதன் மேல்தான் சர்க்கார் முத்திரை குத்துவார்கள். விற்கிற கடைக்காரன் அந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அரக்கை உருக்கி ஊற்றி மேலே வெள்ளிப் பெயிண்டு அடித்துவிடுவான். கல் இளைத்துவிடும். முத்திரை ஆபீசர் வந்தால் காட்டுவதற்கு நல்ல கல் வீட்டில் பெட்டிக்குள் இருக்கும். இது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். கல் வைக்க வரும்போது நல்ல கல்லைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கடைத் தட்டில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கல் என்றால் ஆள் கணக்கு என்று நினைத்தார்கள். பொழுது விடிந்தால் தராசைப் பிடிக்கிற கூட்டம், தராசு எடை போடும் என்பதை மறந்துவிட்டது. முன்னால் கல் வைத்தபோதெல்லாம் ஒரு பக்கமே குவிந்துவிட்டதால் வெளியே தெரியாமல் போயிருக்கிறது.

நாங்கள் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே கல், அது நல்ல கல். சின்ன வெங்காயத்தை ஈர மண்ணோடு நிறுத்தால் போதும், கல்லைச் சுரண்ட வேண்டியதில்லை.

கொட்டகைக்கு வெளியே இருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். காலையில் இட்லி விற்கிறவள். தினமும் தலைவர் மண்டியில்தான் அரிசி வாங்குவாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அங்கன கல்லு கூடக் கெடக்கு. ஆனா மேல நிக்கி. அப்ப நீங்க எனக்குக் கிலோன்னு நிறுத்த அரிசி எவ்வளவு அண்ணாச்சி?"

அவர் அவளை வெளியே போகச் சொன்னார். அவள் போகவில்லை. கிழக்குத் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கவிழ்த்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் குழிக்குள் குத்தினாள். அரக்கு கட்டியாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. படியில் உட்காருகிறவர்களில் ஒருத்தன் அவள் முகத்தில் அறைந்தான். அவள் சுருண்டு தராசு மேலேயே விழுந்தாள்.

அவ்வளவுதான். கூட்டம் உள்ளே பாய்ந்தது.

ஒரு சம்சாரி மேற்குத் தட்டுக் கல்லையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டான். அங்கே வேறு கதை. கருப்பட்டி, முருங்கைக்காய் எல்லாம் சம்சாரியிடமும் பனையேறியிடமும் நிறுத்து வாங்குகிற கடைகள். வாங்குகிற கல் கனக்க வேண்டும். ஆகவே குழிக்கு வெளியே வழியும்படி ஈயம் ஊற்றி வைத்திருந்தார்கள். கருப்பட்டி வியாபாரியின் கல்லில் ஈயம் அடை மாதிரி ஒட்டியிருந்தது. அந்தச் சம்சாரி அதே கல்லால் அவர் நெற்றியில் அடித்தான். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். எனக்காகப் பேசினவர்தான். எனக்குப் பாவமாக இல்லை.

பிறகு கல் பறந்தது. ஒரு கிலோ இரும்பு மண்டையில் பட்டால் என்ன சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெய்க் கடைக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. தலைவரைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். மிதித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். சாக்கில் சுற்றின அரிவாள் வெளியே வந்தது. ஒரு லோடுமேன் கையை நீட்டித் தடுத்தான், அவனுக்கு இரண்டு விரல் போயிற்று. என் புருஷன் விழுந்தபோது மூட்டையோடு நின்று பார்த்தவன் அவன்.

கொக்கிக்காரன் என் தலைமுடியைப் பிடித்தான். "எல்லாம் ஒன்னாலதான்ட்டி" என்று பின்னால் இழுத்தான். நான் தட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றேன். மற்றக் கையில் ஒரு கல் அகப்பட்டது. யார் கல் என்று தெரியாது. திரும்பி அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்தது. கையில் தெரிந்தது. இன்னொரு அடி அடித்தேன், தாடை கோணியது. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது யாரோ என் கையைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

போலீஸ் வந்தது. கையில் அகப்பட்ட லோடுமேன்களையும் சம்சாரிகளையும் அடித்தார்கள். தராசையும் கல் அத்தனையும் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கொக்கிக்காரன் புகார் கொடுக்கவில்லை. பொம்பளை கையால் பல் போயிற்று என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. என்னைப் போகச் சொன்னார்கள்.

சந்தை சில வாரம் அடைத்துக் கிடந்தது. திறந்தபோது தலைவர் தலையில் கட்டோடு வந்து மண்டியில் உட்கார்ந்தார். அவருடைய கிட்டங்கிக்குள் கூட்டம் போட்டார்கள். இனிமேல் கல் இல்லை, கை தூக்க வேண்டும் என்றார்கள். தலைவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டு யார் தூக்கவில்லை என்று பார்த்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. தராசு இறங்கினதை யாரும் பேசவில்லை. எல்லார் கல்லும் போலீஸ் கையில் இருந்தது, எவன் பேசுவான். மகமை மூன்று மடங்கு ஆயிற்று. கருப்பட்டி வியாபாரி நெற்றித் தழும்போடு கை தூக்கினார், முதல் வாரமே கட்டினார். என்னைப் பார்த்தால் கடைக்குள் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

மகமை வசூலுக்குக் காக்கிச் சட்டை போட்டு அனுப்பியது கொக்கிக்காரனை. தாடை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. பேசினால் காற்று போயிற்று. உண்டியலைக் கடை வாசலில் வைத்தான்.

"போடு."

"போட மாட்டேன்."

உள்ளே மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "குடுத்துத் தொலையேம்ட்டி" என்றார். அந்த வாய் நிற்காத மனுஷன் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். எனக்குத் தோளைவிட அதுதான் பெரிய காயமாகத் தெரிந்தது.

"ஒனக்குச் சோறு போட ஒங்க மண்டிக்காரன் இருக்கான். எங்கிட்ட ஏம்லே வார?" என்றேன். கையில் புதுக் கல் இருந்தது. அவன் அந்தக் கல்லைப் பார்த்தான். கிட்டே வரவில்லை. எட்டி நின்றபடியே கொக்கியை எடுத்து ஓரத்து மூட்டையில் போட்டு அடிவரைக்கும் கிழித்தான். வெங்காயம் சாக்கடைவரைக்கும் உருண்டது. உண்டியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து தலைவர் சொல்லுக்குப் பயந்து லோடுமேன்கள் எங்கள் மூட்டையைத் தொடவில்லை. லாரியிலிருந்து வாசலில் உருட்டிவிடுவார்கள். நான் முதுகில் ஏற்றுவேன், அவர் இடது கையால் பின்னாலிருந்து தாங்குவார். வாரா வாரம் அவன் வந்தான். வாரா வாரம் ஒரு மூட்டையைக் கிழித்தான். சாக்கடையில் போகிற வெங்காயத்தின் விலை மகமையைவிட அதிகம் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். எனக்கும் கணக்குத் தெரியும். பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தேன். மகமை மட்டும் கொடுக்கவில்லை.